நகையும் இழவும்: அமெரிக்க நகைப்படங்கள் சில பற்றி ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார் தொல்காப்பியர். அழுகையை அதன்பின் வைத்தார். அழுகை நகைக்கு மறுதலை ஆதலின் அதனை அடுத்து நின்றது என்பது உரைமரபு. மறுதலையாவன ஒன்றையொன்று விலக்கி நிற்பன என்றே பொதுவாகக் கருதுவோம். ஆயின், சிறந்த நகைச்சுவையை நுணுகி நோக்குவார்க்கு அவ்விரண்டும் ஒரே சுவரின் இருபுறமும் வாழும் அயலார் என்பது புலனாகும். இக்கருத்தினை ஆராய்தற்கு இலக்கியத்திலிருந்து எடுத்துக்காட்டுகள் பல தரலாம். யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது திரைப்படம்.

திரைப்படத்தைத் தமிழ்த்துறை ஆய்விதழில் ஆராய்தல் தகுமோ என்று வினவுவார் இன்றும் சிலர் உளர். மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி மெய்யின்கண் வெளிப்படுதல். முகத்தையும் கையையும் நடையையும் கொண்டே பேசும் கலை ஒன்று உண்டாயின், மெய்ப்பாட்டியலைக் கற்றார் அதனை நோக்காது விடுதலே தகாது எனலாம்.

எம்மைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். யாம் பழைய திரைப்படங்களின் சுவைஞர். ஓர் இயக்குநரின் படம் ஒன்று எம் உள்ளத்தைக் கவர்ந்தால் அவர் எடுத்தன யாவற்றையும் தேடிக் காணும் வழக்கம் உடையேம். அவ்வாறு தேடியபோது ஓர் உண்மை பன்முறை எதிர்ப்பட்டது. பேராசான் எனத்தக்க இயக்குநர்களும் நகைப்படத்தில் வழுக்கி விழுந்துள்ளனர். துன்பப்படத்தில் தோற்றவரிடம் போற்றத்தக்க பகுதி சிலவேனும் எஞ்சும். நகைப்படத்தில் தோற்றவரிடமோ, நாம் நகவில்லை என்னும் ஒன்றே எஞ்சும்.

இத்தோல்விக்குப் பலர் பல காரணம் கூறுவர். இயக்குநர்க்கு முதுமை வந்துற்றது என்பர். கதையுரை எழுதியவர் தவறு என்பர். நடிகர் பொருந்தவில்லை என்பர். இவை ஒரோவழி உண்மையாகலாம். ஆயினும், ஒரே நடிகையோ ஒரே இயக்குநரோ ஒரு படத்தில் வென்று மற்றொன்றில் தோற்கும்போது இவ்விடைகள் போதா. அத்தகைய இணைகளைக் கொண்டு, வெற்றிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட வேறுபாடு யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நகையின் களன்

நகை தோன்றும் களன் நான்கு என்பது தொல்காப்பியர் கொள்கை. பிறரை இகழ்ந்து நகுதல் எள்ளல். பருவத்தின் முதிராமை இளமை. அறிவின்மை பேதைமை. நான்காவதாகிய மடம், பேதைமையின் வேறு. பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றலே மடம் என்பர் உரைகாரர். பேதை அறியான், மடவோன் ஒன்றனை மட்டும் அறிவான், அதனையே பற்றி நிற்பான். இவ்வேறுபாடு நம் ஆய்விற்குப் பெரிதும் பயன்படும்.

நகைக்கு அயலான மெய்ப்பாடுகள் மூன்றனையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். அழுகையின் களன்களுள் இழவும் வறுமையும் உள்ளன. அச்சம் தன்னினும் வலியதன் முன் தோன்றுவது. மருட்கையின் களன்களுள் புதுமையும் பெருமையும் அடங்கும். அளவிற் பெரிது ஒன்றைக் கண்டவழி நாம் வியக்கிறோம். பெரிது கண்டு வியத்தல் வேறு, நகுதல் வேறு என்பது இப்பகுப்பினால் தெளிவாகின்றது.

தொல்காப்பியர் திரைப்படத்தை எண்ணி நூல் செய்தார் என்று கூறுவேம் அல்லேம். அத்தகைய கூற்று அவர்க்குப் பெருமை சேர்ப்பதன்று. மாந்தர் உள்ளத்தை நோக்கி வகுத்த பகுப்பு, மாந்தர் உள்ளம் இயங்கும் பிற இடங்களிலும் ஒளி தரும் என்ற அளவிலேயே அதனைக் கையாள்கிறோம்.

எம் கருத்தினை முன்னரே கூறிவிடுகிறோம். நகைக்கப்படுவானுக்கு இழப்பதற்கு ஒன்று இருத்தல் வேண்டும். அதனை இழந்துவிடுவான் என்று நாம் அஞ்சுதல் வேண்டும். அவனோ நகாதிருத்தல் வேண்டும். இம்மூன்றும் கூடியவழி நகை நிலைபெறும். இவை இல்லாத இடத்தில் இயக்குநரின் ஆற்றல் எத்துணை மிகுகின்றதோ அத்துணை நகை குறையும்.

3. கீட்டனின் மடம்

பஸ்டர் கீட்டன் 1895இல் பிறந்து 1966இல் மறைந்தவர். கிளைடு புரூக்மனுடன் இணைந்து அவர் இயக்கிய 'தி ஜெனரல்' 1926ஆம் ஆண்டுப் படம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862இல் வடபுலத்தார் சிலர் தென்புலத்தார் புகைவண்டி ஒன்றைக் கவர்ந்து சென்ற உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது. 'ஜெனரல்' என்பது ஓர் எஞ்சினின் பெயர்.

கதைத்தலைவன் ஜானி கிரே எஞ்சின் ஓட்டுபவன். அவன் அன்பு செய்வன இரண்டே: ஒன்று அவ்வெஞ்சின், மற்றொன்று அன்னபெல் லீ என்னும் நங்கை. போர் மூண்டதும் படையிற் சேர முயல்கிறான். எஞ்சின் ஓட்டும் தொழிலிலேயே அவன் மிகுதியும் பயன்படுவான் என்று கருதிய அதிகாரிகள் அவனை மறுக்கின்றனர். காரணத்தை மட்டும் அவனிடம் கூறவில்லை. அவன் அஞ்சி ஒதுங்கினான் என்று கருதிய நங்கை அவனை வெறுக்கிறாள். காதலியை இழந்தவன், பின் எஞ்சினையும் இழக்கிறான். எள்ளளவும் நகைப்பிற்கு இடமில்லாத கதையமைப்பு இது.

அன்னபெல் நீங்கியபின் ஜானி தன் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டின்மேல் சோர்ந்து அமர்கிறான். எஞ்சின் நகர்கிறது. தண்டு அவனை மேலே தூக்குகிறது, கீழே இறக்குகிறது, மீண்டும் தூக்குகிறது. துயரில் மூழ்கிய அவன் அதனை உணரவில்லை. கொட்டகையின் இருளுள் வண்டி நுழையும் வேளையில்தான் உணர்கிறான். நாம் நகுகிறோம். நம் நகைக்குக் காரணம் அவன் துயரின் மெய்ம்மையே. அவன் துயர் பொய்யாயின் தண்டின் அசைவை அப்போதே உணர்ந்திருப்பான். அழுகைக்குரிய இழவு நகைக்குக் களனாக மாறும் இடம் இது.

பகைவரைத் துரத்தும்போதும் இவ்வாறே. ஜானி ஓடும் வண்டியில் விறகு வெட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னே தென்புலப் படை பின்வாங்கி ஓடுகிறது. அதன்பின் வடபுலப் படை முன்னேறி வருகிறது. ஒரு நாட்டின் தலைவிதி முதுகுப்புறத்தே மாறிக்கொண்டிருக்க, அவன் விறகினின்றும் கண்ணெடுக்கவில்லை. இஃது அறிவின்மை அன்று. எஞ்சின் நுட்பம் அனைத்தும் அறிந்தவன் அவன். கொண்டது விடாமையாகிய மடம் இது. பேதைமைக்கு நகுவோர் தம்மை உயர்ந்தோராகக் கருதுவர். மடத்திற்கு நகுவோர் நகும்போதே மதிக்கவும் செய்வர். கீட்டனின் முகம் நகாத முகம் என்று அனைவரும் கூறுவர். அம்முகம் ஏன் நகவில்லை எனின், அவனுக்கு நகுதற்கு நேரமில்லை. கைப்பொருள் கையைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படம் வெளிவந்த காலத்தில் பெரிதும் போற்றப்படவில்லை. வருவாயும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 1928இல் கீட்டன் பெரிய படநிறுவனம் ஒன்றின் கீழ்ச் சென்று தம் உரிமையை இழந்தார். அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேடு 1989இல் தொடங்கப்பட்டபோது முதல் வரிசையிலேயே இப்படம் இடம்பெற்றது. இவ்வரலாற்றை மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

4. ஒரு நடிகை, இரண்டு படங்கள்

கரோல் லம்பார்டு என்னும் நடிகை இறுதியாக நடித்த படங்கள் இரண்டு. ஒன்று ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்' (1941). மற்றொன்று எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'டு பி ஆர் நாட் டு பி' (1942). இரண்டாவது படம் வெளிவருமுன், 1942 சனவரியில், அவர் வானூர்தி விபத்தில் மறைந்தார். ஒரே நடிகை, ஓராண்டு இடைவெளி, இரண்டும் நகைப்படம், இரண்டிலும் கணவன் மனைவி பூசலே கரு. ஆய்வாளன் தானே வகுத்துக்கொண்ட சோதனை போல இவ்விணை அமைந்துள்ளது.

முன்னதன் கதை வருமாறு. சட்டச் சிக்கல் ஒன்றால் தம் திருமணம் செல்லாது என்று கணவனும் மனைவியும் அறிகின்றனர். மீண்டும் மணப்போம் என்று கணவன் தானே கூறுவான் என அவள் காத்திருக்கிறாள். அவன் கூறாது விடுகிறான். அவள் அவனை வீட்டினின்றும் வெளியேற்றுகிறாள். அவன் தொழிற்பங்காளியோடு பழகத் தொடங்குகிறாள். முடிவில் பனிமலை விடுதியில் பிணக்குத் தீர்கின்றது.

திருமணம் இல்லையாதல் என்பது பேரிழப்பிற்குரிய கரு. ஆயின், படத்தில் எவரும் எதனையும் இழப்பதாகத் தோன்றவில்லை. இருவரும் செல்வர், இருவரும் அழகர், இருவரும் ஒருவரையொருவர் விடப்போவதில்லை என்பது முதற்காட்சியிலேயே நமக்குத் தெரியும். ஊடல் உண்டு, ஊடல் முற்றிப் பிரிவாகும் என்னும் அச்சம் இல்லை. அவ்வச்சம் இன்றேல் ஊடற்குச் சுவை இல்லை என்பதை அகப்பாடல் கற்ற நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. படத்தின் சிறந்த இடம் மிகச் சிறியது. காதலித்த நாளில் உணவருந்திய எளிய உண்சாலைக்கு இருவரும் மீண்டும் செல்கின்றனர். அன்று அணிந்த உடையையே அவள் அணிந்திருக்கிறாள். அஃது இன்று உடலுக்குப் பொருந்தவில்லை. உண்சாலையோ பாழடைந்துள்ளது; மேசைமேல் அமர்ந்த பூனை அவ்வூணைத் தொட மறுக்கிறது. கழிந்த இளமை மீளாது என்னும் இழப்பு ஒரு நொடி மின்னுகிறது. அந்நொடியில் நாம் உண்மையாக நகுகிறோம். பின்னர்ப் படம் அதனை மறந்துவிடுகிறது.

ஹிட்ச்காக் நகையறியாதவர் அல்லர். 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) என்னும் படத்தில் தலைவன் தன் தாயோடு மின்தூக்கியில் நிற்கிறான். அவனைக் கொல்ல வந்தோர் இருவரும் அதே தூக்கியில் நிற்கின்றனர். மகன் சொல்லை நம்பாத தாய், என் மகனைக் கொல்லவா வந்தீர்கள் என்று அவர்களையே கேட்டுவிடுகிறாள். கொலைஞர் நகைக்கின்றனர், தாய் நகைக்கிறாள், தூக்கியில் உள்ளோர் அனைவரும் நகைக்கின்றனர், தலைவன் ஒருவனே நகவில்லை. அரங்கில் நாமும் நகுகிறோம், அஞ்சிக்கொண்டே. ஹிட்ச்காக்கின் நகை அச்சத்தின் தோளில் அமர்ந்து வருவது. அச்சத்திற்கு இடமில்லாக் கதை கைப்பட்டபோது அந்நகைக்கு ஊர்தி இல்லாது போயிற்று.

இனி லூபிட்ச் படத்தை நோக்குவோம். பெர்லினில் யூதத் தையற்காரர் ஒருவர்க்கு மகனாக 1892இல் பிறந்து, 1922இல் அமெரிக்கா சென்றவர் லூபிட்ச். இட்லரின் படை ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த நாளில், போலந்து நாட்டு வார்சா நகர நாடகக் குழு ஒன்றைப் பற்றி நகைப்படம் எடுத்தார். லம்பார்டு ஏற்ற மரியா தூரா என்னும் நடிகை தன் அழகில் செருக்குடையவள். ஒத்திகையில், கைதிகள் முகாம் காட்சிக்கு ஒளிரும் பட்டுடை அணிந்து வந்து, முரண் நன்றாக இருக்கும் அன்றோ என்று வாதிடுகிறாள். நாம் எள்ளி நகுகிறோம். சின்னாளில் முகாமும் கொடுங்காவலரும் மேடையினின்று தெருவிற்கு வந்துவிடுகின்றனர். அதே செருக்கு, அதே நடிப்பு, அதே பட்டுடை இப்போது உயிர்காக்கும் கருவிகள். முன்பு எள்ளலுக்குக் களனாயிருந்தது இப்போது நம் அச்சத்திற்குக் களனாகிறது. லம்பார்டு தம் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் நிற்கும் நிலம் மாறிற்று.

அவள் கணவன் யோசப் தூரா தன்னைப் பெருநடிகன் என்று நம்புபவன். ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியை அவன் தொடங்குந்தோறும் அரங்கில் ஓர் இளம் வானூர்தி வீரன் எழுந்து வெளியேறுகிறான். அம்மொழியைத் தொடங்குதல் மரியாவைக் காணச் செல்லற்குக் குறி என்பது தூராவிற்குத் தெரியாது. மனைவி கைவிட்டுப் போகின்றாளே என்பதினும், தன் நடிப்பின் நடுவே ஒருவன் எழுந்து போகின்றானே என்பதே அவனை வருத்துகிறது. நாடு போர்க்களமாகியும் அவன் அதனை மறக்கவில்லை. கீட்டனுக்கு எஞ்சின் எவ்வாறோ, தூராவிற்கு அத்தனிமொழி அவ்வாறு. இதுவும் மடமே.

மற்றொரு நடிகன் கிரீன்பர்க். வாழ்நாள் முழுதும் ஈட்டி ஏந்தி நிற்கும் சிறுபகுதியையே பெற்றவன். ஷைலாக்காக ஒருநாள் நடித்தல் வேண்டும் என்பது அவன் கனவு. ஷைலாக்கின் முறையீட்டை அவன் படத்தில் மும்முறை உரைக்கிறான். முதன்முறை மேடைப்புறத்தே தோழனிடம். நாம் அவன் ஆசைக்கு நகுகிறோம். இரண்டாம் முறை பனி மூடிய பாழ்நகரில், நகை மறைகிறது. மூன்றாம் முறை பகைப் படைஞர் சூழ, தோழர் தப்பிச் செல்லும் பொருட்டுத் தன் உயிரைப் பணயம் வைத்து. சொற்கள் அவையே, நகை அழுகையாகி, அழுகை பெருமிதமாகிறது. மெய்ப்பாடுகள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும் முறைக்கு இதனினும் தெளிந்த சான்று திரைப்படத்தில் யாம் கண்டதில்லை.

போலந்தின் துன்பத்தை நகைப்பொருளாக்கினார் என்று அக்காலத் திறனாய்வாளர் சிலர் லூபிட்சைக் கடிந்தனர். அக்கண்டனத்தை எளிதில் ஒதுக்குதல் ஆகாது. குண்டு விழும் நாளில் நகைப்பைக் கேட்டவர்க்கு அது கொடுமையாகத் தோன்றியிருத்தல் கூடும். ஆயின், அப்படத்தில் நாம் நகுவது துன்புறுவோரை நோக்கி அன்று. துன்புறுத்துவோர் தம்மைத் தாமே பெரிதாக எண்ணும் பேதைமையை நோக்கி. நகையின் திசையை அறியாது நகையின் இடத்தை மட்டும் அறிந்து கூறிய தீர்ப்பு அது.

5. ஓர் இயக்குநர், இரண்டு படங்கள்

லூபிட்சைத் தம் ஆசானாகப் போற்றியவர் பில்லி வைல்டர். லூபிட்ச் இயக்கிய 'நினோச்கா' (1939) படத்திற்குக் கதையுரை எழுதியோருள் ஒருவர். லூபிட்ச் இதனை எவ்வாறு செய்திருப்பார் என்னும் வினாவைத் தம் அறையில் எழுதி மாட்டியிருந்தார் என்பது திரைச்சுவைஞர் அனைவரும் அறிந்த செய்தி. அவர் 1959இல் இயக்கிய 'சம் லைக் இட் ஹாட்', 1981இல் இயக்கிய 'பட்டி பட்டி' ஆகிய இரண்டனையும் ஒப்பிடுவோம். இரண்டிலும் ஐ. ஏ. எல். டயமண்ட் உடன் எழுதினார்; இரண்டிலும் ஜாக் லெமன் நடித்தார். பின்னதே வைல்டரின் இறுதிப் படம்.

முன்னதன் களம் 1929ஆம் ஆண்டுச் சிகாகோ. இசைஞர் இருவர், வேலையில்லை, கையில் காசில்லை, கடுங்குளிரில் மேலங்கியையும் பணயமிட்டு இழந்தவர். தொல்காப்பியர் அழுகைக்கு உரைத்த வறுமையிலிருந்தே இந்நகைப்படம் தொடங்குகிறது. அவ்வாண்டுப் பிப்ரவரி 14இல் சிகாகோவில் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சியைத் தழுவிய கொலை ஒன்றை அவ்விருவரும் காண நேர்கிறது. கண்டவரைக் கொல்வர். உயிர்பிழைக்கப் பெண்வேடம் பூண்டு மகளிர் இசைக்குழுவில் சேர்ந்து புளோரிடா செல்கின்றனர்.

ஆண் பெண்ணுடை அணிதல் தன்னளவில் மலிந்த நகை. நம் நாட்டுக் கூத்திலும் உண்டு, எந்நாட்டிலும் உண்டு. அவ்வுடையைக் களைந்தால் உயிர் போகும் என்பதே வைல்டர் சேர்த்தது. ஆதலின், குதியுயர்ந்த செருப்பில் தடுமாறி நடக்கும் ஒவ்வோர் அடியும் நகையாகவும் அச்சமாகவும் இருக்கிறது. லெமன் ஏற்ற பாத்திரம் வேடத்தைப் பற்றிப் பற்றி, வேடமே தானாகி, செல்வர் ஒருவரோடு மணவுறுதி செய்துகொண்டு மகிழ்ந்து ஆடும் காட்சி புகழ்பெற்றது. தான் ஆண் என்பதைத் தோழன் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பூண்டதை விடாத மடம் அதன் உச்சியைத் தொடும் இடம் அது. அக்காட்சியில் லெமன் கையில் ஆட்டும் தாளக்கருவியை வைல்டர் ஒரு நோக்கத்தோடு கொடுத்தார். மக்கள் நகுமொலியில் அடுத்த உரை மூழ்காதிருத்தற்கு அவ்வாட்டம் இடைவெளி தந்தது. நகையின் நேரத்தைக் கணக்கிட்ட கைத்திறனுக்கு இது சான்று.

'பட்டி பட்டி' 1973இல் வந்த பிரஞ்சுப் படம் ஒன்றைத் தழுவியது. கூலிக்குக் கொல்பவன் ஒருவன் விடுதி அறையிலிருந்து ஒருவனைச் சுடக் காத்திருக்கிறான். அடுத்த அறையில், மனைவி நீங்கியதால் தற்கொலைக்கு முயலும் ஒருவன். கொலைஞனாக வால்டர் மாத்தவ். தற்கொலைக்கு முயல்பவனாக லெமன். கருவை மட்டும் நோக்கின் இழப்பும் உண்டு, அச்சமும் உண்டு. எம் கொள்கையின்படி இது வெல்லுதல் வேண்டும். ஆயின் வெல்லவில்லை. ஏன்?

இவ்வினா எம் கொள்கையைத் திருத்தியமைக்கச் செய்தது. கதையில் இழப்பு இருத்தல் மட்டும் போதாது. அவ்விழப்பைப் படம் நம்புதல் வேண்டும். இப்படத்தின் தொடக்கத்திலேயே கொலைகள் நிகழ்கின்றன. அவை எவரையும் தாக்கவில்லை. தற்கொலைக்கு முயல்பவனின் துயரம் அவன் வாய்ச்சொல்லாகவே வருகிறது. அவன் மனைவி காமநோய் தீர்க்கும் மருத்துவமனைத் தலைவனிடம் சென்றுவிட்டாள் என்னும் செய்தி அத்துயரையே கேலிப்பொருள் ஆக்குகிறது. ஜானி கிரேயின் துயரை எவரும் கேலி செய்யவில்லை. தண்டு மட்டுமே அசைந்தது. ஈண்டோ துயரையே படம் எள்ளுகிறது. எள்ளப்பட்ட துயர் துயராகாது. அதனால் நகைக்கும் அடித்தளம் இல்லை. இசைஞர் இருவரின் பசியை நம்பிய வைல்டர், இவன் கண்ணீரை நம்பவில்லை. முதுமை காரணம் என்பது எமக்கு உடன்பாடு அன்று. கைத்திறன் குறையவில்லை, நம்பிக்கையே குறைந்தது.

6. மருட்கை விழுங்கிய நகை

'ஜாஸ்' (1975), 'குளோஸ் என்கவுண்ட்டர்ஸ் ஆப் தி தேர்ட் கைண்ட்' (1977) ஆகியவற்றால் பெரும்புகழ் எய்திய ஸ்டீவன் ஸ்பீல்பர்க், 1979இல் '1941' என்னும் நகைப்படத்தை இயக்கினார். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் கலிபோர்னியக் கரையோர மக்கள் சப்பானியர் வருவர் என்று கலங்கிய நிலையை நகையாடுவது இது. கரையில் நின்ற பெருஞ்சக்கர இராட்டினம் கழன்று உருண்டு கடலில் விழுகிறது. வீடு ஒன்று முழுதும் சரிந்து வீழ்கிறது. தெருக்கள் சூறையாகின்றன. இவற்றைப் படம்பிடித்த திறம் பாராட்டத்தக்கது. நாம் வியக்கிறோம், நகவில்லை.

பெருமை மருட்கையின் களன் என்பதை மேலே கண்டோம். இராட்டினம் உருளும்போது எவ்வாறு செய்தனர் என்று உள்ளம் வினவுகிறது. அவ்வினா எழுந்தவழி நகை ஓடிவிடும். மேலும், இப்படத்தில் அனைவரும் கூவுகின்றனர், அனைவரும் ஓடுகின்றனர். நகாத முகம் ஒன்று இருந்தாலன்றோ நகைக்கு ஒரு நிலைப்புள்ளி கிட்டும்?

அத்தகைய முகம் ஒன்று இப்படத்திலும் உண்டு. படைத்தலைவர் ஸ்டில்வெல் நகரம் கலங்கிக்கொண்டிருக்கையில் திரையரங்கில் அமர்ந்து 'டம்போ' என்னும் யானைக்குட்டியின் கேலிச்சித்திரப் படத்தைக் கண்டு கண்ணீர் உகுக்கிறார். வெளியே நடப்பன அவர்க்குத் தெரியா. இக்காட்சியில் வெடியில்லை, இடிபாடில்லை. ஒரு முகமும் அதில் ஈரமும் மட்டுமே உள. படம் முழுதிலும் யாம் மனமார நகுத்த இடம் இஃது ஒன்றே. அப்படைத்தலைவராக நடித்தவர் இராபர்ட் ஸ்டாக். லூபிட்ச் படத்தில் தனிமொழியின் நடுவே எழுந்து சென்ற இளம் வீரனும் அவரே. இஃது இயல்பாக நேர்ந்த ஒற்றுமையே ஆயினும், சுவைஞனுக்கு இனிமை தருவது.

மற்றொன்றும் கூறல் வேண்டும். படம் நகையாடும் அச்சம் வரலாற்றில் உண்மையானது. 1942 பிப்ரவரியில் சப்பானிய நீர்மூழ்கி ஒன்று கலிபோர்னியக் கரையைச் சுட்டது. அடுத்த இரவே லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வராத வானூர்திகளை நோக்கிப் பீரங்கிகள் முழங்கின. அதே மாதம் 19ஆம் நாள் அமெரிக்கத் தலைவர் பிறப்பித்த ஆணையின் விளைவாகச் சப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடும் நிலமும் விட்டு முகாம்களுக்குச் செலுத்தப்பட்டனர். அப்பேதைமையின் விலையைக் கொடுத்தவர் இவர்கள். இப்படத்தில் அவ்விழப்பிற்கு இடமில்லை. பேதைமையைக் காட்டி அதன் விலையை மறைத்தமையால் அது வெறும் ஆரவாரமாய் நின்றது.

7. தடையும் விடையும்

எம் கருத்திற்கு மூன்று தடைகள் எழலாம்.

முதலாவது: 'தி ஜெனரல்' படத்திலும் பெருமை உண்டன்றோ? உண்மையான எஞ்சின் ஒன்று எரியும் பாலத்தினின்றும் ஆற்றில் வீழ்வதைக் கீட்டன் மாதிரியுருவின்றி எடுத்தார். விடை: வீழ்ச்சி முடிந்தவுடன் கீட்டன் காட்டுவது, பாலம் தாங்கும் என்று ஆணையிட்ட படைத்தலைவனின் திகைத்த முகம். பெருமையால் தோன்றிய மருட்கையைப் பேதைமையால் தோன்றும் நகைக்கு ஏவலாக்கினார். ஸ்பீல்பர்க் படத்தில் நகை மருட்கைக்கு ஏவல் செய்தது. மேலும், அப்படம் தென்புலத்தார் பக்கம் நின்று அடிமைமுறையைப் பற்றி வாய்திறவாமை பெருங்குறையே. வரலாற்றுக் கண்ணால் நோக்குவார் இவ்விரு படங்களுக்கும் ஒரே அளவுகோலைக் கொள்ளல் வேண்டும். ஆயினும் ஜானிக்குரிய இழப்பு படத்தினுள்ளேயே நிற்றலின் நகை நிற்கிறது. மனச்சான்றின் வினா அதன்பின்னும் எஞ்சுகிறது.

இரண்டாவது: இழப்பதற்கு ஒன்றுமில்லாத தூய விளையாட்டு நகையும் உண்டன்றோ? மார்க்ஸ் உடன்பிறந்தார் நடித்த 'டக் சூப்' (1933) போல்வன எவ்வாறு வென்றன? விடை: அவற்றில் இழப்பவர் அவ்வுடன்பிறந்தார் அல்லர், அவர்கள் எதிரே நிமிர்ந்து நிற்கும் மார்கரெட் டூமாண்ட் என்னும் அம்மையாரே. அவர் தம் மதிப்பை இழந்துகொண்டே இருக்கிறார், ஒருபோதும் நகுவதில்லை. எள்ளல் வகைக்கும் நகாத முகம் இன்றியமையாதது.

மூன்றாவது: 'தி ஜெனரல்' தோன்றிய நாளில் ஏமாற்றம் எனப்பட்டது; இன்று செவ்வியல் எனப்படுகிறது. இன்று ஏமாற்றம் எனப்படுவன நாளை அவ்வாறு உயரா என்பது என்ன உறுதி? இத்தடை வலியது. இதற்கு முழுவிடை கூற இயலாது என்பதை ஒப்புகிறோம். '1941' படத்தைப் போற்றுவார் இன்றும் உளர். ஆதலின், திறனாய்வாளன் செய்யத்தக்கது தீர்ப்பு வழங்கி ஒதுங்குதல் அன்று. நகை எழுந்த இடத்தையும் எழாத இடத்தையும் சுட்டிக் காரணம் காட்டுதல். காரணம் காட்டப்பட்டவிடத்துப் பின்வருவோர் அதனை மறுக்கலாம். வெறுந்தீர்ப்பை மறுத்தற்கும் வழியில்லை.

8. முடிவுரை

பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் இயக்கிய 'சல்லிவன்ஸ் டிராவல்ஸ்' (1941) என்னும் படத்தின் தலைவன் நகைப்படங்கள் எடுக்கும் இயக்குநன். நாட்டில் வறுமை மலிந்திருக்க நகைப்படம் எடுப்பதற்கு நாணி, துன்பத்தை அறிந்து பெரும்படம் எடுக்கப் புறப்படுகிறான். ஊழ்வினை போல வந்த நிகழ்ச்சிகளால் பெயரும் உரிமையும் இழந்து, காலில் தளையுண்ட கைதியாகிறான். ஓரிரவு கைதிகளை எளிய கறுப்பின மக்களின் வழிபாட்டுக் கூடத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். திரையில் ஒரு நாய் படும் பாட்டைக் காட்டும் கேலிச்சித்திரம் ஓடுகிறது. கைதிகள் நகுகின்றனர். தன்னையறியாது தானும் நகுவதை உணர்ந்து அவன் திடுக்கிடுகிறான்.

அக்கூடத்தில் நகுவோர் யாவரும் இழந்தோர். உரிமையை இழந்தோர், உறவை இழந்தோர், பெயரையும் இழந்தோர். நகை இழப்பை மறத்தற்குரிய மருந்து என்பர் சிலர். யாம் அவ்வாறு கருதவில்லை. கால்தளை ஒலிக்க ஒலிக்க அவர்கள் நகுகின்றனர், ஒன்றும் மறக்கப்படவில்லை. ஸ்டர்ஜஸ் கைதிகளின் துன்பத்தை முதலில் நம்பினார். நம்பியதால் அவர்தம் நகையும் நம்பத்தக்கதாயிற்று. ஹிட்ச்காக் தமக்கியல்பான அச்சத்தை விட்டவிடத்தும், வைல்டர் தம் பாத்திரத்தின் கண்ணீரை நம்பாதவிடத்தும், ஸ்பீல்பர்க் ஒரு முகத்தினும் ஓர் இராட்டினத்தைப் பெரிதாக மதித்தவிடத்தும் இழந்தது இந்நம்பிக்கையையே.

நகையை அடுத்து அழுகையை வைத்த நூலாசிரியரின் வைப்புமுறை இத்துணையும் நோக்கியபின் புதுப்பொருள் தருகிறது. அழுகைக்கு அயலில் வாழும் நகையே நெடுங்காலம் வாழும். எம் ஆசான்கள் தோற்ற படங்களைத் தோற்றன என்று கூறுதல் அவர்க்கு இழைக்கும் சிறுமை அன்று. அவர் வென்ற படங்கள் நமக்குக் கற்பித்த அளவுகோலைக் கொண்டே அவற்றை அளந்தோம். அவ்வளவுகோலைத் தந்தவரும் அவரே.